கரை ஒதுங்கின சரக்கு யாருக்குச் சொந்தம்?

நெய்வேலிக்காரனுக்குக் கடல்னா கடலூர் சில்வர் பீச்தான். கப்பல் பத்தி எழுத எனக்கு என்ன தகுதின்னு கேட்காதீங்க :-) 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 கொச்சிக்குப் பக்கத்துல 640 கன்டெய்னர்களோட மூழ்கியதில் இருந்து ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பெட்டிகள் கொல்லம், ஆலப்புழை கரையில் வந்து ஒதுங்கின. "தொடாதே, 200 மீட்டர் தள்ளி நில்"னு அரசாங்கம் சொன்னது. பிளாஸ்டிக் குருணை நம்ம கன்னியாகுமரி வரைக்கும் வந்தது. சரி, கடல் கொண்டு வந்து போட்ட பொருள் யாருக்குச் சொந்தம்?

பழைய காலத்துல பதில் ரொம்ப சிம்பிள். ராஜாவுக்கு!

கடல் வணிகத்தில் ஆபத்துன்னா புயல், பாறை, கொள்ளைக்காரன்னுதான் நினைப்போம். ஆனா புயலில் தப்பிக் கரை சேர்ந்த வியாபாரிக்கு அங்கே இன்னொரு ஆபத்து காத்திருந்தது. கேரளத்து ஏழிமலைப் பக்கம் நடந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கார். வேற துறைமுகத்துக்குப் போற கப்பல் தவறி அங்கே வந்துட்டா, 'கடவுளே உன்னை எங்களுக்கு அனுப்பி வெச்சிருக்கார்'னு சொல்லி மொத்தத்தையும் எடுத்துக்குவாங்களாம். என்ன லாஜிக் பாருங்க! 1442-ல் கோழிக்கோடு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மத்த ஊர்ல இப்படிப் பிடுங்குவாங்க, இங்கே மட்டும் கிடையாதுன்னு அந்த ஊரைப் புகழ்கிறார். அந்த நேர்மைதான் கோழிக்கோட்டுக்கு விளம்பரம்.

இதை வெளிப்படையா ஒத்துக்கிட்ட ராஜா ஒருத்தர் இருக்கார். காகதீய கணபதி தேவர். ஓங்கோலுக்கும் சீராலாவுக்கும் நடுவில் மோட்டுப்பள்ளின்னு ஒரு கடலோர ஊர். அங்கே 1244-ல் வெட்டிய கல்வெட்டுக்கு அபய சாசனம்னு பேர். புயலில் உடைந்து கரை ஒதுங்கின கப்பல்களில் இருந்த பொன், யானை, குதிரை எல்லாத்தையும் முந்தைய அரசர்கள் பறிச்சுக்கிட்டாங்க, நாங்க அப்படிச் செய்ய மாட்டோம், வரி மட்டும் போதும்னு அதில் இருக்கு. வரி முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், பன்னீர், தந்தம், மிளகு, பாக்குன்னு பொருள்வாரியா பட்டியலும் உண்டு. உயிரைவிடப் பொருள் பெரிசுன்னு நினைச்சுக் கடலில் இறங்குறவங்க மேல இரக்கப்பட்டுத் தர்றோம்னு காரணம் சொல்றார். இரக்கம் இருந்திருக்கலாம். ஆனா கணக்கும் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. உடைஞ்ச கப்பலை ஒரு தடவைதான் கொள்ளையடிக்க முடியும். முழுசா வந்து போற கப்பல் வருஷா வருஷம் முப்பதில் ஒண்ணு கொடுக்கும். 1290-கள்ல மார்க்கோ போலோ 'முட்ஃபிலி'ன்னு வைரத்தையும் மெல்லிய துணியையும் பத்தி வாயைப் பிளந்து எழுதினது இந்த மோட்டுப்பள்ளி நாட்டைத்தான்.

இங்கிலாந்துல இன்னும் தமாஷ். உடைந்த கப்பலில் இருந்து ஒரு மனுஷனோ, நாயோ, பூனையோ உயிரோட தப்பிச்சா அது அநாதைக் கப்பல் இல்லை, உரிமையாளர் ஒரு வருஷம் ஒரு நாளுக்குள்ள வந்து கேட்டா சரக்கைத் திருப்பித் தரணும்னு 1275-ல் சட்டம் போட்டாங்க. அப்போ பூனையோட கதி என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க :-(

இவங்க எல்லாருக்கும் ரொம்ப முன்னாடியே நம்ம மணிமேகலையில் சாதுவன் வர்றான். சூதில் சொத்தெல்லாம் தோத்துட்டு, மனைவி ஆதிரையை விட்டுட்டு வியாபாரத்துக்குக் கப்பலேறுறான். கப்பல் உடையுது. ஒடிந்த மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நாகர் தீவில் ஒதுங்குறான். பொருளை மட்டுமில்ல, ஆளையே தின்கிற ஊர் அது. அவங்க மொழி தெரிஞ்சதால பேசித் தப்பிக்கிறான். அதோட விடலை. இனி உடைந்த கப்பலில் இருந்து பிழைச்சு வர்றவங்களைக் கொல்லாதேன்னு தலைவன்கிட்ட கேட்டு வாங்குறான். மோட்டுப்பள்ளிக்கு முன்னாடியே ஒரு அபய சாசனம், கல்லில் இல்லாம வாய்மொழியா! ஆனா அவன் ஊர் திரும்பும்போது தலைவன் பரிசாக் கொடுத்த சந்தனமும் அகிலும் துணியும் யாருடையது? முன்னாடி கப்பல் கவிழ்ந்து வந்து அங்கே செத்தவங்களுடையது. சாதுவன் அதை வாங்கிக்கிட்டான்.

இன்னிக்கு நம்ம ஊர்ல சுங்கச் சட்டம், 1962. கரை ஒதுங்கின சரக்கை இறக்குமதியான சரக்கா நினைச்சு வரி போடலாம்னு அதன் 21-ஆம் பிரிவு சொல்லுது. கணபதி தேவர் கேட்டதும் அதேதான்.