மார்கழியும் கியர்ப் பெட்டியும்

தேங்காய்த்திட்டு என்ற பெயரைக் கேட்டதுமே எண்ணெயின் நினைவு வருவது இயல்புதான். புதுச்சேரிக்குத் தெற்கே, கழிமுகத்தை ஒட்டிய ஊர் அது. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் இடம். உறைபனி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆனாலும் மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டுக்கூட விழாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்துவிடும். அதே விடியலில் வாசலில் நிற்கும் காரை எடுப்பவர், இரண்டாவது கியர் விழாமல் முரண்டு பிடிப்பதைக் கண்டு முகம் சுளிக்கிறார். புட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள உறவை அவர் யோசிப்பதில்லை.

இந்த முரண்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1903-ல் சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் செய்த மோட்டார் வண்டி நீராவியால் ஓடியது. நீராவி எந்திரம் நின்ற நிலையிலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். அதற்குப் பல கியர்கள் வேண்டியதில்லை. பெட்ரோல் எந்திரத்தின் குணம் வேறு. அது வேகமாகச் சுழன்றால்தான் பலம் வரும். ஆகவே எந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே சமரசம் செய்ய ஒரு பெட்டி தேவைப்பட்டது.

அந்தப் பெட்டிக்கு வழி காட்டியவர் எமில் லெவஸார் என்ற பிரெஞ்சுக்காரர். 1891-ல் பான்ஹார்ட் லெவஸார் வண்டியில் பல் சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். முரட்டு வேலைதான், ஆனாலும் நடக்கிறதே என்று அவரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோவுக்குப் போய்த் திரும்பும் பந்தயத்தில், ஏறக்குறைய 48 மணி நேரம் வண்டி ஓட்டி முதலில் வந்தவரும் அவரே. மறு வருஷம் மார்ஸேய்ப் பந்தயத்தில் வண்டி கவிழ்ந்து அடிபட்டார், 1897-ல் காலமானார். புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாக வேர்க்கடலை போய்ச் சேர்ந்ததும் அந்த மார்ஸேய்க்குத்தான். எண்ணெய்க்கும் பல் சக்கரத்துக்கும் எப்படியெல்லாம் முடிச்சு விழுகிறது, பாருங்கள்!

வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பல் சக்கரங்களைக் கோத்தால் கரகரவென்று அலறும். அலறாமல் கோக்க டிரைவர்கள் கற்ற வித்தைக்கு 'டபுள் கிளட்ச்' என்று பெயர். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். கீழ்க் கியருக்கு இறங்கும்போது நடுவில் ஆக்ஸிலேட்டரையும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். 1920-ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட காலம் அந்த வித்தையின் காலம். நீலகிரி மலைப்பாதையில் இறங்கும்போது கியர் தவறினால் பிரேக்கைத் தவிர வேறு கதியில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருடைய உயிரும் டிரைவரின் இடது கையில்தான் இருந்தது.

1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 'ஸிங்க்ரோமெஷ்' வந்தது. பற்கள் சேருமுன் ஒரு கூம்பும் வளையமும் உரசி, இரண்டு வேகத்தையும் சமமாக்கிவிடும். எல்லாக் கியருக்கும் அந்தச் சலுகை உடனே கிடைக்கவில்லை. நம் நாட்டு அம்பாஸடரில்கூட வெகுநாள் முதல் கியருக்கு அது இல்லை.

குளிர் சேஷ்டை செய்வது இந்த வளையத்தில்தான். உரசல் பலிக்க வேண்டுமானால் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் விலக வேண்டும். நீர் கொதிக்கும் சூட்டில் இருப்பதைவிட, 40 டிகிரியிலேயே பழைய கெட்டி கியர் எண்ணெய் பத்து மடங்கு தடித்துவிடும். 20 டிகிரியில் கேட்கவே வேண்டாம். படலம் விலகத் தாமதமாகிறது. கியர் தண்டும் கனக்கிறது. எண்ணெய் டப்பாவில் எண்ணோடு காணப்படும் 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். வெயில் ஊர்தானே என்று, வண்டிக்குச் சொன்னதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றுவது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

பரிகாரம் எளிது. எந்திரத்தைக் கிளப்பி, நியூட்ரலில் வைத்து, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் விடுங்கள். உள்ளே எண்ணெய் அலைந்து இளகத் தொடங்கும். முதல் சில கிலோ மீட்டர் மெதுவாகப் போங்கள். கியர் தண்டை அடித்துத் தள்ளாமல், ஒரு கணம் அழுத்திப் பிடியுங்கள், தானே விழும். டபுள் கிளட்ச் வித்தை இன்றும் கை கொடுக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகும் முரண்டு தீராவிட்டால், குற்றம் மார்கழியுடையதல்ல. கிளட்சையோ வளையத்தையோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவனைப் பின் ஸீட்டிலிருந்து, "கியர் போடக்கூடத் தெரியாதா?" என்று அதட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. அதட்டலுக்குப் பயந்து அவன் தண்டை முறுக்கித் தள்ளினால், தேய்வது முதலாளியின் வளையம்; போவது அவன் வேலை. உறைந்த எண்ணெய்ப் புட்டியை எந்தப் பாட்டியும் தரையில் அடிப்பதில்லை. சற்று வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.