முதல் பக்கத்தில் பெயர் போடாதவர்கள்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு மீனும் காய்கறியும் வாங்க வருகிறவர்கள் தினமும் கடந்து போகும் தெருக்களில்தான் ஊரின் பழைய கத்தோலிக்கப் பள்ளிகள் சில இருக்கின்றன. (மார்க்கெட்டின் இன்னொரு பெயரான 'குபேர்' செல்வத்துக்கு அதிபதியான குபேரன் அல்ல! 1963-ல் புதுவையின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேர்.) மகாத்மா காந்தி வீதியில் பெத்தி செமினேர் பள்ளி. கொஞ்சம் கிழக்கே மிஷன் வீதியில் சம்பா கோவில், மிஷன் அச்சகம். இந்தச் சின்ன வட்டத்துக்குள் 1844-ல் நடந்ததைப் பார்த்தால், பள்ளித் தலைமையில் பணிவு என்பது எவ்வளவு கடினமான காரியம் என்று தெரியும்.

அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆயர் பொன்னான் தன் குருக்களைப் புதுச்சேரியில் கூட்டி ஒரு மாமன்றம் நடத்தினார். ஆயர் உட்பட அவர்கள் பிரான்சிலிருந்து வந்த பாரிஸ் வேதபோதக சபையினர். ஆனால் அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது, உள்ளூர் ஆட்களைப் படிக்கவைத்துக் குருக்களாக்கி அவர்களிடம் பொறுப்பைக் கொடுப்பது பற்றி. அதாவது, தங்கள் இடத்துக்குத் தாங்களே மாற்று ஆள் தேடுவது! பதவியில் இருப்பவர்கள் சாதாரணமாகச் செய்கிற வேலை அல்ல இது. மாமன்றத்தின் இந்த யோசனை ரோம் வரை போனது. அடுத்த ஆண்டே, 1845 நவம்பரில், உள்ளூர் குருக்களை வெறும் உதவியாளர்களாக வைத்திருக்கக் கூடாது என்று ரோமிலிருந்து உலகம் முழுவதும் உள்ள வேதபோதகர்களுக்கு அறிவுரை வந்தது.

பெண்களின் படிப்பும் அந்த ஆண்டுதான் சூடு பிடித்தது. குளூனி புனித சூசையப்பர் சகோதரிகள் 1827-லேயே இங்கு வந்துவிட்டார்கள். பிரெஞ்சு கயானாவில் அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அன்னை ழவுவே தொடங்கிய சபை அது. ஆனால் சாதாரணத் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பள்ளிக்கு வருவது அபூர்வம். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் தாசி குலம் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம். லூயி சவினியேன் துப்புய் என்ற குரு இதற்காக 1844 அக்டோபரில் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். இன்று மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்ற பெயரில் அது பள்ளிகளை நடத்துகிறது. வெளிநாட்டுச் சகோதரிகளை இன்னும் கொஞ்சம் வரவழைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

துப்புய்க்கு இன்னொரு வேலையும் இருந்தது. மிஷன் அச்சகம் அவர் பொறுப்பில் இருந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாக அங்குதான் அச்சானது. மூசே என்ற இன்னொரு குருவோடு சேர்ந்து அவர் லத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதியை 1846-ல் வெளியிட்டார். தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855, 1862-ல் இரண்டு பாகங்களாக வந்தது. எத்தனை வருட உழைப்பு! முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது 'வேதபோதகர்கள் இருவர்' என்று மட்டும். பள்ளிக் கட்டடத்தில் பெயின்ட் அடித்தாலே கல்வெட்டு வைக்கிற இந்தக் காலத்தில் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட முடியாது. சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களைப் பிரித்து வைத்த சுவர் 1745-ல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப்பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவர் போயும் பிரிவினை போகவில்லை, அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது. மொழியில் பணிந்தவர்கள், பெயரை மறைத்துக்கொண்டவர்கள், சாதி விஷயத்தில் ஊர்ப் பெரியவர்களின் கோபத்துக்குப் பயந்தார்கள். யாருக்குப் பணிவது, யாருக்குப் பணிவிடை செய்வது என்ற கேள்வியில் பணக்காரக் கிறிஸ்தவர்களின் பக்கம் அடிக்கடி தராசு சாய்ந்தது.

பொறுப்பைக் கைமாற்றும் பேச்சும் மெதுவாகத்தான் நடந்தது. துப்புய் 1874-ல் புதுச்சேரியிலேயே இறந்தார். மாமன்றம் கூடி 111 வருடங்கள் கழித்து, 1955-ல்தான் புதுச்சேரிக்கு முதல் தமிழ்ப் பேராயர் கிடைத்தார். அவர் பெயர் அம்புரோஸ் ராயப்பன்.