உணவாகும் பூஞ்சை, உயிரைக் கொல்லும் பூஞ்சை: கறையான் புற்றுக்குள் நோய்த்தடுப்பு

இந்தியாவில் பரவலாகப் புற்று கட்டும் ஒடோன்டோடெர்மஸ் ஒபிசஸ் இனக் கறையான்கள் பூஞ்சை வளர்த்து உண்பவை. காய்ந்த இலைகளையும் மரத்துகள்களையும் தின்று, கழிவைக் கொண்டு இவை தேனடை போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அவற்றின்மீது டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. மழைக்காலத்தில் புற்றின்மேல் முளைக்கும், மக்கள் விரும்பிப் பறிக்கும் புற்றுக்காளான் இப்பூஞ்சையுடையதே.

புற்றின் உட்புறம் இருளும் வெப்பமும் ஈரமும் நிறைந்தது. இச்சூழலைக் கறையானால் மாற்றிக்கொள்ள இயலாது. காற்று வறண்டால் பயிரும் வாடும், மெல்லிய தோலுடைய கறையானும் உலர்ந்து மடியும். ஆனால் அதே ஈரம் பகைப் பூஞ்சைகளுக்கும் உகந்தது. மண்ணில் வாழும் மெட்டாரைசியம், தோலைத் துளைத்து உட்புகுந்து கறையானைக் கொல்கிறது. சூடோசைலேரியா என்னும் களைப் பூஞ்சை அடையிலேயே மறைந்திருக்கிறது. கறையான்களை அகற்றி அடையைத் தனியே வைத்தால், சில நாள்களில் அது அடை முழுவதையும் மூடிவிடும்.

பூச்சிகளின் உடலில் மனிதர்களைப் போன்ற எதிர்ப்பான்கள் இல்லை. கிருமிகளை விழுங்கும் உயிரணுக்களும் நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களுமே உண்டு. அவற்றை உருவாக்கவும் ஆற்றல் செலவாகும். ஆகவே, நெருங்கி வாழும் கறையான்கள் தற்காப்பின் பெரும்பகுதியைக் கூட்டாகவே மேற்கொள்கின்றன. ஒன்றன் உடலில் ஒட்டிய வித்துகளை மற்றொன்று நக்கி அகற்றுகிறது. விழுங்கப்பட்ட வித்துகள் குடலில் செயலிழக்கின்றன. இறந்தவை புதைக்கப்படுகின்றன. இதனை ஆய்வாளர்கள் 'சமூக நோய்த்தடுப்பு' என்கின்றனர்.

பயிர்க்காப்பும் இதே வகையினதே. மொஹாலியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இவ்வினக் கறையானைக் குறித்து மேற்கொண்ட ஆய்வு, 2025-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியானது. களைத்தொற்று சிறிதெனில் அப்பகுதியை மட்டும் அகற்றிப் புதைக்கும் கறையான்கள், தொற்று மிகுந்தால் அடையையே தனிமைப்படுத்தி மண்ணுருண்டைகளால் மூடுவதை அவர்கள் கண்டறிந்தனர். அந்த உருண்டைகளில் களைப் பூஞ்சையின் வளர்ச்சியை ஒடுக்கும் நுண்ணுயிர்களும் உள்ளன.

வேளாண்மைக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கரும்பு, கோதுமைப் பயிர்களைத் தாக்கும் கறையானுக்கு எதிராக மெட்டாரைசியம் உயிரிப் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்தப்படுகிறது. ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் அடைக்கப்பட்ட சில கறையான்கள் அதனால் எளிதில் மடிகின்றன. வயலிலோ பலன் பெரும்பாலும் குறைவு. அங்கு அவற்றுக்கு நக்கித் தூய்மைசெய்யத் துணைகள் ஏராளம். பூஞ்சை படிந்த வழியை அடைக்க மண்ணும் அருகிலேயே கிடைக்கிறது.