இளவேனில் விழவும் முள்ளியவளைக் கூத்தும்

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனப் பெயர் பெறும். குளிர்நாடுகளில் இளவேனிலின் வருகையை உருகும் பனியும் துளிர்க்கும் மரமும் அறிவிக்கும். வன்னிப் பெருநிலத்தில் அதனை அறிவிப்பவை வேறு. மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல், மாசி பங்குனி மாதங்களில் அரிவு வெட்டப்பட்டுச் சூடடித்து முடிந்துவிடும். வயல்கள் வெறும் தாளுடன் கிடக்கும். குளத்து நீர் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும். காட்டிலே பாலை பழுக்கும் நாளைச் சிறுவர் எண்ணிக்கொண்டிருப்பர். ஆண்டு முழுவதும் மண்ணோடு மல்லாடிய உழவனுக்கு வீட்டிலே நெல்லும், கையிலே ஓய்வும், வானிலே நிலவும் ஒருங்கே வாய்க்கின்ற காலம் அதுவே. அக்காலம் இசைக்கும் கூத்துக்கும் உரிய காலமாக அமைந்ததில் வியப்பொன்றுமில்லை.

இளவேனிலில் வெட்டவெளியிலே கூடி இசை கேட்பது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்திலே சித்திரைத் திங்கள் நிறைமதி நாளிற் கொடியேற்றி இந்திரவிழா எடுக்கப்பட்டதைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. அவ்விழா இருபத்தெட்டு நாள் நிகழ்ந்தது என்பது மணிமேகலையால் அறியப்படும். ஆடலும் பாடலும் அரங்கினுள் அடைபட்டுக் கிடவாமல் வீதிக்கும் கடற்கரைக்கும் வந்த நாட்கள் அவை. யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமை ஆசிரியன் முதலியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையிலே நுணுக்கமாகக் கூறியிருக்கின்றார். அக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டே விபுலானந்த அடிகள் மறைந்துபோன யாழை ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டார்.

அக்காப்பியத்தின் துயரம் முழுவதும் ஓர் இளவேனிற் பாட்டிலே தொடங்குகின்றது என்பது சிந்திக்கத்தக்கது. விழா முடிந்த வேளையிற் கடற்கானலில் அமர்ந்து கோவலன் யாழிசைத்துப் பாடினான். அவன் பாட்டிலே வேறொருத்தியின் நினைவு இருப்பதாக மாதவி கருதினாள். உடனே யாழை வாங்கி, தானும் வேறொருவனை எண்ணியவள் போலப் பாடினாள். முன்னர் எழுதி வைத்துப் பாடிய பாட்டல்ல. கேட்ட பாட்டுக்கு அந்த இடத்திலேயே பிறந்த மறுபாட்டு. அந்த ஒரு மறுபாட்டாற் கோவலன் பிரிந்தான், கண்ணகியோடு மதுரைக்கு நடந்தான், கொலையுண்டான். கானல்வரியை அடுத்து வருவது வேனிற்காதை. நேரிலே எழும் இசைக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு இதனினும் பெரிய சான்று தமிழிலக்கியத்தில் அரிது.

இக்கதை கடல் கடந்து இலங்கைக்கு வந்தது. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது, இலங்கை வேந்தன் கயவாகுவும் அங்கிருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாடாகவும், தமிழரிடையே கண்ணகி வழிபாடாகவும் அது வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் முதலிய சைவப் பெரியோர் கண்ணகி வழிபாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகையால் அங்கே பல கண்ணகி கோயில்கள் காலப்போக்கில் இராஜராஜேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் கண்ணகி கண்ணகியாகவே நின்றாள். மட்டக்களப்பு ஊர்களில் வைகாசித் திங்களிலே குளிர்த்திச் சடங்கு நிகழ்கின்றது. வன்னியிலே அதே திங்களில் வற்றாப்பளைப் பொங்கல் வருகின்றது.

முள்ளியவளை, வன்னிமைகளின் காலத்தில் ஒரு பற்றின் பெயராக விளங்கிய தொன்மையான ஊர். வயலும் குளமும் காடும் சூழ்ந்த அவ்வூருக்கு அணித்தே, நந்திக்கடல் ஏரியின் கரையிலே, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் அமைந்திருக்கின்றது. மதுரையை எரித்த சினம் தணியாமல் வந்த கண்ணகி, ஒரு முதியவளாக அவ்வேரிக் கரையிலே தோன்றினாள் என்பது செவிவழிக் கதை. மாடு மேய்த்த சிறுவர் அவளுக்குப் பொங்கிப் படைத்தனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது, கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் சொன்னாள். விளக்கும் எரிந்தது. பின்னர் அவள் தலையைப் பார்த்த சிறுவர் ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்தனர் என்று கதை முடிகின்றது.

அக்கதை ஆண்டுதோறும் மீண்டும் நடத்திக் காட்டப்படுகின்றது. பொங்கலுக்கு முந்திய வாரத்திலே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவர். அங்கே அவ்வுப்புநீரிலே விளக்கேற்றப்படும். ஞாயிற்றுக்கிழமை இரவு காட்டா விநாயகருக்குப் பொங்கல் நிகழும். அதன்பின் மடைப்பண்டங்கள் பறையொலி முழங்க வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படும். திங்கட்கிழமை பெரும்பொங்கல். பல ஊர்களிலிருந்தும் காவடியோடும் பாற்செம்போடும் மக்கள் வந்து கூடுவர். பறை, உடுக்கு, காவடிச் சிந்து, சிலம்பின் கதையைச் சொல்லும் பாட்டு என எல்லாம் ஒரே வெளியிலே கேட்கும். நுழைவுச் சீட்டும் நாற்காலி வரிசையும் இல்லாத இசைவிழா இது.

இவ்வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்ததே முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து. வடமோடி, தென்மோடி என்னும் வகைகளிலிருந்து வேறுபட்ட ஆட்டமும் மெட்டும் உடையதாதலின், அதனை முல்லைமோடி என்று தனியே பெயரிட்டு அழைப்பவரும் உளர். அறுவடை முடிந்த ஓய்விலே, கோயில் முன்றலிற் களரி அமைத்து, நாற்புறமும் மக்கள் பாயிலும் மணலிலும் அமர்ந்திருக்க, விடிய விடிய ஆடும் கூத்து அது. மத்தளமும் தாளமும் எழும்பும். அண்ணாவியார் பாட்டை எடுப்பார், பிற்பாட்டுக்காரர் தொடர்வர். ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய வரவுப் பாட்டோடு களரியிற் புகும். விடியற்காலையை அண்மித்த வேளையிலே, கண்ணகி சிலம்பை ஏந்திப் பாண்டியன் அவையிற் புகுவாள். மடியிலே உறங்கும் பிள்ளையைத் தாய் தட்டி எழுப்புவது அக்கட்டத்திலேதான்.

கூத்தின் ஏடு எழுத்திலே இருக்கும். கூத்தோ எழுத்திலே இல்லை. எந்த அடியை இழுத்துப் பாடவேண்டும், எவ்விடத்தில் மத்தளம் ஓயவேண்டும், அழுகின்ற கூட்டத்தின் முன் ஒரு விருத்தத்தை எத்தனை முறை திருப்பவேண்டும் என்பன அண்ணாவியாரின் நெஞ்சிலும் கையிலுமே உள்ளன. அவற்றை மாணாக்கன் ஏட்டிற் கற்பதில்லை. பழக்கத்துக்கு வந்து, பல மாத இரவுகள் ஆடித் தவறி, திருத்தப்பட்டு, ஈற்றிலே ஊரின் முன் ஆடிக் கற்றுக்கொள்கின்றான். ஆகவே விழா என்பது கலை முடிவுற்ற பின் அதனைக் காட்சிக்கு வைக்கும் இடமன்று. அதுவே கலையைக் கற்பிக்கும் பள்ளி. ஓராண்டு விழா தவறினால் ஒரு வகுப்பு தவறியது என்பது பொருள்.

இவ்வுண்மை வன்னிக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரிலே தோன்றிய ஜாஸ் இசையின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரும் அவர் வழிவந்தோரும் அந்நகரின் கொங்கோ சதுக்கம் என்னும் வெளியிலே ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடி, முழவு கொட்டி ஆடிப் பாடினர். 1817 ஆம் ஆண்டில், அவர்கள் அவ்வாறு கூடுவதற்கு ஓரிடம் மாத்திரமே உண்டென நகர ஆட்சி வரையறுத்தது. அம்மரபின் கூறுகளும் தேவாலயப் பாட்டும், ஊர்வல வாத்தியங்களும் கலந்து, ஏறத்தாழ 1900 ஆம் ஆண்டளவில் ஜாஸ் உருவாயிற்று. கருநாடக இசையிற் பாடகர் கற்பனைச்சுரம் பாடுவதுபோல, எடுத்த மெட்டை அவ்விடத்திலேயே விரித்து வாசிப்பது அதன் உயிர். ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் மறுமொழி வாசிப்பார். கானல்வரியைக் கற்றோர்க்கு இது புரியாத செய்தியன்று.

ஜாஸின் முதற் பெருங்கலைஞருள் ஒருவராகப் போற்றப்படும் பட்டி போல்டன் ஊதிய கோர்னெற்றின் ஓசை, ஓர் இசைத்தட்டிலேனும் இன்று இல்லை. ஜாஸ் முதன்முதல் இசைத்தட்டாக வெளிவந்தது 1917 ஆம் ஆண்டிலே; அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அவர் நோயுற்று மேடையை விட்டு நீங்கிவிட்டார். ஆயினும் அவர் கலை அழியவில்லை. வெளியிலே நின்று கேட்டவர் தம் வாத்தியத்திலே அதனை வாங்கிக்கொண்டனர். நம் அண்ணாவிமாரின் வரலாறும் இத்தகையதே.

இலங்கையும் இவ்விசையை நேரிற் கேட்டிருக்கின்றது. 1958 ஆம் ஆண்டு இளவேனிலிலே டேவ் புரூபெக் குழுவினர் துருக்கி, இந்தியா முதலிய நாடுகளோடு இலங்கைக்கும் வந்தனர். துருக்கித் தெருவிலே கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம் ஒன்று புரூபெக்கின் உள்ளத்திற் பதிந்து, 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய இசைத்தட்டிலே புது உருவம் பெற்றது. வீதியிற் கேட்ட இசைக்கே அத்துணைப் பயன் விளைந்தது. டியூக் எலிங்டன் 1963 ஆம் ஆண்டிலே கொழும்புக்கு வந்து வாசித்தார். அவரே 1970 ஆம் ஆண்டில், நியூ ஓர்லியன்ஸிலே இளவேனில் தோறும் நடைபெறவென்று தொடங்கிய ஜாஸ் விழாவின் முதலாண்டிலும் பங்குகொண்டார். விழா தொடங்கிய இடம் பழைய கொங்கோ சதுக்கமே.

2005 ஆகஸ்ட் மாதத்திலே கத்திரீனா என்னும் புயல் அந்நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. மக்கள் நாடெங்கும் சிதறினர். வீடற்றோர் மிகுந்திருந்த அந்நிலையிலும், 2006 ஆம் ஆண்டு இளவேனிலில் விழா நடத்தப்பட்டது. சிதறிய மக்களுக்கு மீண்டும் ஒன்றுகூட ஓர் இடம் கிடைத்தது. ஓர் ஊரை மீளக் கட்டுவதிலே சுவருக்கும் கூரைக்கும் உள்ள பங்கு விழாவுக்கும் உண்டென அந்நகர் காட்டியது.

முள்ளியவளை கண்ட அழிவு இதனினும் நெடியது. பல்லாண்டுப் போரின் முடிவு, 2009 மே மாதத்தில் நந்திக்கடலை அண்டிய நிலத்திலேயே நேர்ந்தது. பொங்கலுக்குரிய வைகாசி தொடங்கும் நாட்கள் அவை. முள்ளியவளை, வற்றாப்பளை மக்கள் அதற்கு முன்னரே வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்திருந்தனர். உயிர்தப்பியோர் அவ்வாண்டு முகாம்களிலே தங்கியிருந்தனர். ஏடுகள் எத்தனை தொலைந்தன, ஏடின்றியே கூத்தை அறிந்திருந்தோர் எத்தனை பேர் மறைந்தனர் என்று யார் கணக்கெடுத்தார்? மீள்குடியேறிய மக்கள் வீடு கட்டிய கையோடு விளக்கையும் ஏற்றினர். கடல்நீர் மீண்டும் காட்டா விநாயகர் கோயிலுக்கு வந்தது. கணவனை இழந்த ஒருத்தி அரசவையிலே நின்று நீதி கேட்ட கதை, அம்மண்ணில் அமர்ந்து கேட்போருக்கு வெறும் பழங்கதை ஆகாது.

பொங்கல் மீண்டது போலக் கூத்து மீள்வது எளிதன்று. பொங்கலுக்குப் பக்தி போதும். கூத்துக்குப் பழக்கமும் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களிலே அண்ணாவிமாரை அழைத்து மதிப்பளித்து, கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் மேடைக் கூத்தாக்கி, படித்தோரின் கண்ணைத் திறந்தார். அதனாற் கூத்துக்கு மதிப்பு வந்தது. வானொலியும் கூத்திசையைப் பல வீடுகளுக்குக் கொண்டு சென்றது. இவை நற்பணிகள். ஆனால் ஒலிப்பதிவு கேட்பவனைக் கூத்தனாக்காது. விடியும்வரை களரியோரத்தில் அமர்ந்து, உறக்கத்திலும் மத்தள ஒலியைக் கேட்ட சிறுவனே பின்னாளில் எழுந்து ஆடுவான்.

இந்திரவிழாவை மன்னன் மறந்தமையாற் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகின்றது. கடல்கோளுக்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. தன் விழாவை மறந்த ஊர், நிலத்தின் மேல் இருந்தும் இல்லாததாகிவிடும் என்பதே அக்கதை உணர்த்தும் பொருள். முள்ளியவளையின் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு சிலரையேனும், இன்று எஞ்சியிருக்கும் முதிய அண்ணாவிமாரின் முன் இருத்தவேண்டும். காலபோக அறுவடை முடிந்ததும் பழக்கத்தைத் தொடங்கினால், வைகாசி நிலவுக்குள் ஒரு வரவுப் பாட்டாவது அவர்களுக்கு வசமாகும். அடுத்த ஆண்டு இன்னொன்று வரும். கூத்து என்றும் கைமாறி வந்த வழி அதுவே.