யுத்தத்தின் முதல் தேதி

இலங்கை யுத்தம் 1983 ஜூலையில் தொடங்கி 2009 மே மாதம் முடிந்தது என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். முதல் தேதி தவறு என்று எனக்குச் சொன்னவர் சரித்திர ஆசிரியர் அல்ல. மயிலாடும்பாறை டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கண்டிக்காரர். எங்கள் பக்கத்து வயசாளிகளுக்குச் சிலோன், இலங்கை எல்லாம் கிடையாது, கண்டிச் சீமைதான். அவர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1972-ல் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு மேகமலைத் தோட்டங்களில் கொழுந்துக் கணக்குப் பார்த்துப் பிழைத்தவர். 'தாயகம் திரும்பியோர்' என்பது அவருக்கு அரசாங்கம் வைத்த பெயர். பிறந்தது முதல் கண்ணால் பார்த்திராத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும் என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

1990-களின் தொடக்கம் அது. நான் என் 1983 பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: கறுப்புத் துணி குத்திக்கொண்டு ஊர்வலம் போனது, ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அது நாப்பத்தெட்டுலேயே ஆரம்பிச்ச சண்டை தம்பி. அப்ப எங்களுக்காக ஒருத்தரும் ஊர்வலம் போகல. அங்கயும் போகல, இங்கயும் போகல."

இந்த ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அவர் சொன்னது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பியது. தலவாக்கலைக்குப் போனவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. தாங்கள் வேட்பாளர் நிறுத்தாத தொகுதிகளில் அவர்களுடைய ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. டி. எஸ். சேனநாயக்காவின் அரசுக்கு இது இரட்டைப் பயம்: கண்டிச் சிங்களவரின் தொகுதிகள் கைமாறும், தொழிற்சங்கம் பலம் பெறும். சுதந்திரம் வந்த அதே 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் ஓட்டுரிமையும் போயிற்று. ஏழு லட்சம் பேர் அளவில் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் ஆனார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு கண்ணாடி உடையவில்லை. அதனால் இதை யாரும் யுத்தத்தின் தொடக்கமாகக் கொள்வதில்லை.

இதை வெறும் இனவெறி என்று ஒரே சொல்லில் மூடிவிடுவது சௌகரியமான காரியம். ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948-ல் அமைச்சரவையில் சேர்ந்தார். 1949-ல் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்துக்கு ஆதரவு தந்தார். அந்த இடத்தில்தான் செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டக்காரனுக்கு வந்தது நாளை நமக்கு வரும் என்பது அவருடைய எச்சரிக்கையின் சாரம். நாளை என்பது ஏழே வருஷத்தில் வந்தது: 1956, தனிச் சிங்களச் சட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஓர் ஏலமாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. 1957-ல் பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டார், எதிர்க்கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். 1958-ல் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, கலவரம் வந்தது. 1965-ல் டட்லி சேனநாயக்கா ஒப்பந்தம் போட்டபோது எதிர்ப்பது பண்டாரநாயக்காவின் கட்சியின் முறை. தமிழருக்குக் கொஞ்சம் கொடுக்க இரண்டு கட்சிகளுமே தயாராகத்தான் இருந்தன, ஆளுங்கட்சியாக இருந்தபோது மட்டும். இரண்டே பெரிய கட்சிகள், ஒரே தலைநகரம், ஒரே பெரும்பான்மை. இந்தக் கணக்கில் சமரசம் பேசியவன்தான் தோற்பான்.

மொழியோடு வேலையும் சேர்ந்துகொண்டது. நிலவளம் குறைந்த யாழ்ப்பாணத்துக்குப் படிப்புதான் ஏணி. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியைத் 'தரப்படுத்தல்' செய்தபோது அந்த ஏணியில் கை வைத்தார்கள். ஆனால் அதே 1971-ல் தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் சிங்கள இளைஞர்கள் என்பதை நம் கட்டுரைகள் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை. தாய்மொழியில் படித்து வேலை கிடைக்காத இரண்டு தலைமுறைகள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே அரசோடு மோதின. 1976-ல் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1981-ல் யாழ்ப்பாண நூலக எரிப்பு. 1983 ஜூலையில் திருநெல்வேலியில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டதும், அந்த வாரமே வெலிக்கடைச் சிறைக்குள் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. வேகமாகக் கடந்துபோகிறேன்.

நான் திரும்பத் திரும்ப நிற்கும் கேள்வி வேறு. இங்கே ஏன் அது நடக்கவில்லை? 1965 ஜனவரியில் சென்னை ராஜ்யத்தில் மாணவர்கள் மேல் குண்டு பாய்ந்தது, தீக்குளித்தவர்கள் இருந்தார்கள். அதற்கு முன்பே பிரிவினைக் கோரிக்கையும் இருந்தது. 1963-ல் அண்ணாதுரை அதைக் கைவிட்டார். எரிபொருள் எல்லாம் தயார். நம் ஜனங்கள் சாந்த சுபாவிகள் என்ற பதில் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். டில்லியில் எந்த ஒரு மொழியும் தனியாகப் பெரும்பான்மை இல்லை. 1956-லேயே மொழிவழி ராஜ்யங்கள் வந்துவிட்டன. 1967-ல் பிடிப்பதற்குச் சென்னையில் ஒரு கோட்டை இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிடிக்க எதுவும் இல்லை.

அந்த 1956-ம் எங்களுக்கு இனிப்பாக இருக்கவில்லை. மலைக்கு மேலே தமிழ் பேசும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது கம்பத்திலிருந்து குமுளி நோக்கி ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டதைப் பார்த்தேன். ஏலத்தோட்டத்துத் தமிழ்க் கூலிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கி வந்தார்கள். இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அந்த இரண்டு வாரமும் எனக்குக் கொழும்பு ஞாபகமாகவே இருந்தது. கூட்டத்துக்கு மொழி ஒரு சாக்காக எவ்வளவு சீக்கிரம் ஆகிவிடுகிறது! கடைசியில் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் தொங்கியது, 2014-ல் 142 அடி என்று தீர்ப்பு வந்தது, ஜீப்புகள் மறுபடி கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறின. தீர்ப்பு சரியா தவறா என்பது இங்கே விஷயமில்லை. போக ஒரு கோர்ட்டு இருந்தது. இதைச் சொல்லி மார்தட்டவும் இடமில்லை. நாகாலாந்துக்காரரோ காஷ்மீரியோ 1984-ல் டில்லியில் இருந்த சீக்கியரோ இந்தப் பத்தியைப் படித்தால் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

விளைவு என்ன? போராளிகள் முதலில் தங்களுக்குள் கொன்றார்கள். 1986-ல் டெலோ அழிக்கப்பட்டது. 1987-ல் இந்தியப் படை போயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பலிகொடுத்து, அதைவிட அதிகமாகச் சாவையும் அங்கே விட்டு, 1990-ல் திரும்பியது. 'முறிந்த பனை' எழுதியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989-ல் யாழ்ப்பாணத் தெருவில் சுடப்பட்டார். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றினார்கள். 1948-ல் சட்டம் செய்ததை இங்கே துப்பாக்கி சில நாளில் செய்து முடித்தது. இது நம் சிறுபத்திரிகைகளில் உரிய காலத்தில் எழுதப்படவில்லை. எழுதாதவர்களில் நானும் உண்டு.

2009-ல் கடைசி மாதங்களில் மட்டும் 40,000 வரை பொதுஜனம் இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. துப்பாக்கிச் சூடற்ற பிரதேசம் என்று அரசே அறிவித்த இடத்தில் குண்டு விழுந்ததையும், தப்பியோட முயன்றவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. நம் நண்பர்கள் முதல் பாதியைப் படிக்கிறார்கள். கொழும்பு எந்தப் பாதியையும் படிக்கவில்லை. சுமார் 3 லட்சம் பேர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். யுத்தத்தை ஜெயித்த பாதுகாப்புச் செயலாளர் 2019-ல் ஜனாதிபதி ஆனார். 2022 ஜூலையில் அவரை நாட்டைவிட்டு ஓடவைத்தது பெரும்பாலும் சிங்களக் கூட்டம்தான், பெட்ரோலும் மருந்தும் இல்லாமல்.

கண்டிக்காரரின் தங்கை கப்பலேறவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிப் பக்கம் போய்க் கூலி விவசாயம் செய்த மலையகக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. 1948-ல் நாடிழந்தவர்களின் பிள்ளைகள் 2009-ல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். முதல் தேதியும் கடைசித் தேதியும் ஒரே வீட்டில் சந்தித்த கதை இது. நாம் எழுதிய முள்ளிவாய்க்கால் கவிதைகளில் பனை உண்டு, கடல் உண்டு. தேயிலைச் செடி இல்லை. நான் எழுதிய இரண்டிலும் இல்லை.

2008 கடைசியில் அவளிடமிருந்து கிளிநொச்சியில் போட்ட ஒரு கடிதம் வந்தது. அவருக்கு எழுத வராது. பதில் நான்தான் எழுதினேன். பிறகு எதுவும் வரவில்லை. 2009 மே 13 நாடாளுமன்றத் தேர்தலன்று மயிலாடும்பாறைப் பள்ளிக்கூடத்து வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்து விரல் மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா நாப்பத்தேழுல அங்க ஒரு தடவ போட்டாரு. தங்கச்சிக்கு எப்ப ஓட்டு குடுத்தாங்கன்னு தெரியல" என்றார். மலையகத்தில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது என்று சொன்னேன். தலையாட்டினார். இரண்டு டீ சொன்னார்.