தனியே சுழியோடுபவனுக்கு இரட்டைச் சிலிண்டர்

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் தனியே இறங்கியதில்லை. தோணியில் கயிறு பிடிக்க ஒருவர் இருப்பார். கீழே உள்ளவர் கயிற்றை அசைத்ததும் அவர் இழுத்தெடுக்க வேண்டும். இன்றைய ஸ்கூபாச் சுழியோடலிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். கயிறு இல்லை, பக்கத்தில் ஒரு துணைச் சுழியோடி வருவார். ஒருவருக்குக் காற்று நின்றுபோனால் மற்றவர் தன் சிலிண்டரிலிருந்து கொடுப்பார்.

என் துணைச் சுழியோடி வேலை மாறிப் பேர்த் நகருக்குப் போய்விட்டார். அதன்பின் சிட்னியில், மான்லிக்குப் பக்கத்தில் உள்ள ஷெல்லி கடற்கரையில் நான் தனியே இறங்கத் தொடங்கினேன். அது மேற்குப் பார்த்த சிறு கடற்கரை. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இப்படி அமைவது அரிது. அதனால் பெரும்பாலான நாட்களில் அலை அடங்கியிருக்கும். 2002 முதல் அந்த விரிகுடா மீன்பிடி தடைசெய்யப்பட்ட காப்பகம். நீல குறோப்பர் மீன் பழக்கப்பட்ட நாய் மாதிரிப் பின்னாலேயே வரும். குளிர்காலத்தில் போர்ட் ஜாக்சன் சுறாக்கள் பாறையடியில் படுத்துக்கிடக்கும். நான் போகும் ஆழம் எட்டு, ஒன்பது மீற்றர். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு ஏப்ரல் காலை, ஒன்பது மீற்றரில், பிடரிக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. சிலிண்டரும் ரெகுலேற்றரும் சேருமிடத்தில் உள்ள றப்பர் வளையம், ஓ-ரிங் என்பார்கள், பிதுங்கி வெளியே வந்துவிட்டது. சில சதம் பெறுமதியான பொருள். நான்தான் அதை மாதங்களுக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். காற்று முழுவதும் குமிழிகளாகப் போய்க்கொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறக்கூடாது. ஒன்பது மீற்றரில் நுரையீரலில் உள்ள காற்று மேற்பரப்புக்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே ஏறினேன். ஏறிய இடம்தான் பிழை. பாறையோரம். அடுத்த அலை என்னைத் தூக்கிச் சிப்பிகளின் மேல் போட்டது. முழங்கையில் ஏழு தையல்.

அன்றிரவு என் மனைவி சொன்னது: "இஞ்சேருங்கோ, தனியப் போறதெண்டால் ரெண்டு பேரின்ர காத்தையும் நீங்களே கொண்டு போங்கோ."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கணக்காகப் பார்த்தால் அதைவிடச் சரியாக எந்தக் கையேடும் சொல்லவில்லை. தனிச் சுழியோடலைப் பல பயிற்சி நிறுவனங்கள் நெடுங்காலம் ஏற்கவேயில்லை. இப்போது எஸ்.டி.ஐ., பாடி போன்றவை அதற்கெனத் தனிப் பயிற்சி நடத்துகின்றன. நூறு முறையாவது சுழியோடியிருந்தால்தான் சேர்ப்பார்கள். நானும் அதை முடித்த பிறகுதான் மீண்டும் தனியே இறங்கினேன். புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்தக் குறிப்பு அல்ல.

பலரும் செய்வது, பெரிய சிலிண்டரின் பக்கத்தில் மூன்று லீற்றர் குட்டிச் சிலிண்டர் ஒன்றைக் கட்டிக்கொள்வது. நானும் சில மாதம் அப்படிப் போனேன். எனக்கு ஒத்துவரவில்லை. பாரம் ஒரு பக்கம் சாய்கிறது என்பது சின்னக் குறை. பெரிய குறை, அந்தக் குட்டியை யாரும் சுவாசித்துப் பார்ப்பதில்லை என்பது. வருடக்கணக்கில் தொடாத ரெகுலேற்றர் தேவைப்படும் அன்றைக்கு வேலை செய்யும் என்று நம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டையும் மாறிமாறிப் பாவித்தால் எதில் கோளாறு வந்தாலும் அன்றே தெரிந்துவிடும்.

ஆக, ஒரே அளவில் இரண்டு. ஆனால் இரண்டு பெரிய சிலிண்டர்களை எல்லாப் பொருத்துக்களோடும் சுமந்தால் 40 கிலோவைத் தாண்டும். ஷெல்லியில் கார் நிறுத்துமிடம் மேலே. படியிறங்கித்தான் கடலுக்கு வரவேண்டும். திரும்பி ஏறவும் வேண்டும். ஐம்பது வயது முழங்கால்களுக்கு அது ஆகாது.

இங்கேதான் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லீற்றர், வெற்று எடை ஏறத்தாழ 14 கிலோ. 5.7 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 7 கிலோ. அதாவது இரண்டு சிறியவை சேர்ந்தால் ஒரு பெரியதன் எடை, ஒரு பெரியதன் காற்று. கூடுதலாகச் சுமப்பது இரண்டாவது ரெகுலேற்றரையும் அதன் அழுத்தமானியையும் மட்டும்தான். ஈயக்கட்டிகள் தவிர்த்து என் முழுச் சுமையும் 25 கிலோவுக்குள் அடங்கிவிட்டது.

முதுகுத் தகட்டுக்கு 3 மில்லிமீற்றர் அலுமினியம் எடுத்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலும் கீழுமாக இரண்டு நைலோன் வார்கள். சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே 18 சென்ரிமீற்றர் விட்டால் நடுவே கைவிரல் போக இடமிருக்கும். நைலோன் நனைந்தால் தளரும். அதனால் வார்களை நனைத்த பிறகே இறுக்க வேண்டும். இதை நான் அறிந்துகொண்டது ஒரு சிலிண்டர் நழுவி இடுப்பில் இடித்த பிறகு. அலுமினியத் தகட்டில் உருக்கு ஆணி நேரே படக்கூடாது, உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் பிளாஸ்ரிக் வளையம் வையுங்கள். சிலிண்டரிலோ துளையிடுவது, சூடாக்குவது, ஒட்டுவது எதுவும் கூடவே கூடாது. சூடுபட்ட அலுமினியம் வலுவிழந்துவிடும்.

இரண்டையும் குழாயால் இணைக்கவில்லை. இணைத்தால் ஒரே வாயால் எல்லாக் காற்றையும் சுவாசிக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒன்றில் கசிவு வந்தால் தலைக்குப் பின்னால் கைவிட்டு வால்வை மூடும்வரை இரண்டும் சேர்ந்து வெறுமையாகும். என் தோள்மூட்டு அவ்வளவு வளையாது. தனித்தனியாக இருந்தால் மூட வேண்டியதே இல்லை; மற்றதை வாயில் வைத்தால் போதும். வலது வாய்க்கருவி மஞ்சள். இடது கறுப்பு, றப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே தொங்கும். மிதவைப்பைக்கு இடதுபக்கக் காற்று.

இனிக் கணக்கு. கரையில் நான் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18 லீற்றர் சுவாசிக்கிறேன். எட்டு மீற்றரில் அழுத்தம் 1.8 மடங்கு, ஆகவே 32 லீற்றர். 200 பாரில் ஒவ்வொரு சிலிண்டரிலும் 1140 லீற்றர். போகும்போது ஒவ்வொன்றிலும் மூன்றிலொரு பங்கைச் செலவழித்துத் திரும்பினால், மிகத் தொலைவான இடத்தில் ஒன்று முற்றாகப் பழுதானாலும் மற்றதில் மிஞ்சியிருப்பது திரும்பி வரச் சரியாகப் போதும். சரியாக மட்டும்தான். பயந்தவன் அதே அளவில் சுவாசிப்பானா? அதனால் நான் காற்பங்கோடு திரும்புகிறேன். 200 இலிருந்து 150 வரை வலது, பிறகு 150 வரை இடது, உடனே திரும்பல். போக 18 நிமிடம், வர 18 நிமிடம். பாறையோரத்தில் மேலே ஏறவேண்டிய தேவையே இல்லாமல் மணல் வரை நீருக்கடியிலேயே வந்துவிடலாம்.

ஒரு விடயத்தில் ஏமாந்தேன். அலுமினியச் சிலிண்டர் காற்றுக் குறையக் குறைய மிதக்கத் தொடங்கும். நிரம்பியதற்கும் வெறுமைக்கும் இடையே இரண்டிலும் சேர்த்து 2.7 கிலோ வித்தியாசம். முதல்நாள் மூன்று மீற்றரில் நிற்க முடியாமல் தக்கை போல மேலே வந்துவிட்டேன். 2 கிலோ ஈயம் கூட்ட வேண்டியதாயிற்று. படிகளில் குறைத்த எடையில் ஒரு பகுதியைக் கடல் திரும்பக் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் வலது வாய்க்கருவியின் றப்பர் கடிப்பு கழன்று என் பல்லிடுக்கில் நின்றுவிட்டது. ஒரு மிடறு உப்புநீர். கறுப்பைக் கவ்விக்கொண்டு திரும்பினேன்; 12 நிமிடத்தில் மணலில் நின்றேன். குறோப்பர்கூடப் பாதிவழி வந்தது.

காற்று நிரப்பும் கடையில் லீற்றர்க் கணக்கில்லை, சிலிண்டர்க் கணக்கு; எனவே இருமடங்கு காசு. வருடாந்தச் சோதனை முத்திரைக்கும் அப்படித்தான். இதை வீட்டில் ஒருமுறை முணுமுணுத்தேன். பதிலில்லை. கடற்கரைக்கு வரும் நாட்களில் அவர் இரண்டு அழுத்தமானிகளையும் கையில் எடுத்து, வெயிலுக்குச் சரித்துப் பிடித்து, இலக்கத்தை வாய்விட்டு வாசித்த பிறகுதான் என் வார்களை இறுக்குகிறார்.