பல்முளைத் திருகாணிப் பொருத்தம்

பல்முளைத் திருகாணிப் பொருத்தம் என்பது இரண்டாம் கழுத்து முள்ளெலும்பிலிருந்து பல் போல மேல்நோக்கி நீண்டிருக்கும் முளை முறிந்தால், அதனை முன்கழுத்து வழியே திருகாணி கொண்டு இணைக்கும் அறுவை மருத்துவம் ஆகும். ஆண்டர்சன், டி'அலோன்சோ ஆகியோர் 1974 இல் இம்முறிவுகளை மூன்று வகைகளாகப் பிரித்தனர். இவற்றுள் முளையின் அடியில் நேரும் இரண்டாம் வகை எளிதில் கூடுவதில்லை. இம்முறை பெரும்பாலும் அதற்கே பயன்படுகிறது.

மற்றொரு வழி, பின்கழுத்தைத் திறந்து முதலிரு முள்ளெலும்புகளையும் ஒன்றாகப் பிணைப்பதாகும். கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இவ்விரண்டிற்கும் இடையிலேயே நிகழ்வதால், பிணைத்தபின் அது இழக்கப்படுகிறது. திருகாணி முறையில் மூட்டு பிணைக்கப்படாமையால் அசைவு பெரிதும் காக்கப்படுகிறது. இதுவே இதன் முதன்மையான பயன். போலர் என்பவர் 1982 இல் இம்முறை பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளெலும்புகளின் மட்டத்தில் சிறு கீறல் இடப்படும். இரு கோணங்களில் ஊடுகதிர்ப் படம் பார்த்தவாறே மெல்லிய கம்பி ஒன்றும், அதன் வழியே துளையுள்ள திருகாணியும் முளைக்குள் செலுத்தப்படும்.

முளையைத் தாங்கும் குறுக்குத் தசைநார் அறுந்திருந்தால் இம்முறை பயனற்றது. முறிவுக்கோடு முன்புறம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தாலும் பொருந்தாது. திருகாணியை இறுக்கும்போது முறிந்த துண்டு நழுவிவிடும். முதியோரில் எலும்பு நலிவால் பிடிப்பு தளர்வதும், அறுவைக்குப்பின் விழுங்குவதில் இடர் ஏற்படுவதும் உண்டு.